மேற்கு வேலிக்கு ஒரு கொடி

அல் குவைரில் துணைமின் நிலையத்து வேலி.
நாலு பக்கம், இருநூற்று நாற்பது குழி.
டெண்டரில் ஒரே வரி:
படரும் கொடி, பூப்பது, உள்ளூர் வகைக்கு முன்னுரிமை.
அந்தக் கடைசி மூன்று சொல்லை
எவரும் படிக்கப்போவதில்லை என்று நம்பித்தான்
குருவிளா சார் கையெழுத்துப் போட்டார்.
நகராட்சியில் ஸுவைனா படித்துவிட்டாள்.

போன வருஷம் அங்கே அலமண்டா.
ஜூனில் மேற்குப் பக்கம் மட்டும் அப்பளம்,
தொட்டால் நொறுங்கியது.
அதற்கு முந்தி காகிதப்பூ.
குடித்துக் குடித்துக் கொழுத்து
கேமராவின் கண்ணை மறைத்ததால்
மூட்டோடு வெட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை
ரஃபீகுலும் நானும் பிக்கப்பில்
அமராத் மலைச்சாலை தாண்டி வாதியில் இறங்கினோம்.
கையில் காகித உறைகள், ஒரு உரச்சாக்கு.
கொடி தேடுகிறவன் முதலில் முள்மரம் தேட வேண்டும்.
சமுர் மரத்துக் குடைக்குள்
தண்ணீரைக் கட்டியாக்கும் கட்டுக்கொடிக்கு
ஒன்றுவிட்ட தங்கை ஏறியிருந்தாள்,
மரத்துக்கு வலிக்காமல்.
மேலே பாறை இடுக்கில்
இலையே இல்லாத பச்சைக் கம்பிச் சுருள்.
படமெடுத்து ஸுவைனாவுக்கு அனுப்பினேன்.
எனக்கும் பெயர் தெரியாது, எடுத்து வை, என்று பதில் வந்தது.

ஆடுகள் வழித்துத் தின்ற தரையில்
ஆடு தொடாமல் விட்டது ஒன்றே ஒன்று:
கல்கா.
சாம்பல் பூத்த இலை, கிள்ளினால் பால்.
வேலிப்பருத்தியைப் பார்த்தவனுக்கு
அந்த முகஜாடை தப்பாது.
காய் வெடிக்கும் முன் பறிக்க வேண்டும்.
ஒருநாள் பிந்தினால்
விதை பஞ்சைப் பிடித்துக்கொண்டு மலை தாண்டிவிடும்.
ரஃபீகுல் கையுறை போடவில்லை.
கட்டைவிரல் கொப்புளித்து
ஒரு வாரம் கரண்டியால் சோறு தின்றான்.

மேற்குக்கு இதுதான் என்றேன்.

முளைக்கப் பதினொரு நாள்.
தொட்டிகளைச் சுற்றி வந்து குருவிளா சார் கேட்டார்:
"இது களையல்லே?"
களை என்பது யாரும் இன்னும் விலை போடாத செடி, சார்.
இதைச் சொல்லவில்லை.
சொன்னது:
"தண்ணீர் பில் மூன்றில் ஒன்றாகும், சார்."

அக்டோபரில் நட்டோம். மார்ச்சில் இடுப்புயரம்.
பிறகு, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய்ப்
பட்டை போட்ட புழுக்கள்.
மேற்குப் பக்கம் முழுக்கச் சல்லடை.
கன்சல்டன்ட்டிடமிருந்து படத்தோடு கடிதம்:
பூச்சித் தாக்குதல். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மருந்து.

வெந்தய வரியன்.
பால் வடியும் கொடியில்தான் முட்டையிடும்.
இலையின் நஞ்சைத் தின்று
தன் நஞ்சாக வைத்துக்கொள்ளும்.
இந்த நகரத்தின் மேல்
இறங்க ஒரு இலை கிடைக்காமல்
எத்தனை வருஷம் பறந்து போனதோ.

(இந்த இடத்தில் நண்பர்கள்
விசா, பாஸ்போர்ட், நாம் என்று
உவமை தேடத் தொடங்குவார்கள்.
வேண்டாம்.
கொடிக்குப் பிடிக்க வேலி வேண்டும். எனக்குச் சம்பளம்.)

மறுநாள் காலை
மூக்குமூடி கட்டி, ஸ்ப்ரேயரைத் தோளில் மாட்டி
ரஃபீகுல் ஒரு குழி விடாமல் அடித்தான்.
படிவத்தில் நேரம் எழுதினேன்: 6.40. காற்று: வடமேற்கு.
மருந்தின் பெயர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
ஒரு கோடு போட்டேன்.
டேங்கில் இருந்தது தண்ணீர்.
இலைகளின் தூசி போயிற்று.
ஒரு புழு தலை தூக்கிப் பார்த்துவிட்டு
விட்ட இடத்திலிருந்து தின்றது.

பத்தாம் நாள் ஸுவைனா வந்தாள்.
மண்டையோடு வரைந்த
உயர் மின்னழுத்தப் பலகையின் அடி விளிம்பில்
ஜிமிக்கி அளவில் ஒரு கூட்டுப்புழு,
பச்சை, அதில் பொன் பொட்டுகள்.
குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
நான் படிவத்தை நீட்டினேன்.
அந்தக் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வடக்குப் பக்கம் எத்தனை குழி காலி?"

"அறுபத்திரண்டு."

கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்:
"இந்தத் தடவை அவருக்குக் கையுறை வாங்கிக் கொடு."